மாடல் ரயில் வேகனுக்கு ஸ்பிரிங் வைக்கப் போகிறீர்களா? கம்பி அப்புறம், முதலில் எடை

போன குளிர்காலத்தில் மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு நிலக்கரி வேகனுக்கு ஸ்பிரிங் வைத்தேன். பித்தளைத் தகட்டை மடித்து, அச்சு முனை சுழலும் பேரிங்குக்குச் சாலிடர் வைத்து, தையல் ஊசியைவிட மெல்லிய எஃகுக் கம்பியைக் கோத்து, பெயின்ட்டும் அடித்துத் தண்டவாளத்தில் ஏற்றினால் மாட்டு வண்டி மாதிரி தடதடவென்று ஓடியது. விரலால் அழுத்திப் பார்த்தேன், ஒரு மூலைகூட இறங்கவில்லை. அதே கிட்டில் (பாகங்களை ஒட்டி நாமே செய்யும் பெட்டி) ஸ்பிரிங்கே இல்லாமல் முன்பு செய்த வேகன் இதைவிட ஒழுங்காக ஓடியதுதான் பெரிய எரிச்சல்.

நான் செய்த தப்பு இரண்டே இரண்டு. இரண்டும் எந்தச் செய்முறைத் தாளிலும் இல்லை. நீங்களும் மூன்று வாரத்தைத் தொலைக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் பிரிட்டிஷ் 4 மி.மீ. அளவுக்கு, அதாவது நிஜத்தில் ஓர் அடி, மாடலில் 4 மில்லிமீட்டர். எடுத்துக்காட்டு, பிரிட்டிஷ் ரயில்வேயில் லட்சக்கணக்கில் ஓடிய 16 டன் நிலக்கரி வேகன். நாலு சக்கரம், அச்சுகளுக்கு நடுவே 9 அடி, மாடலில் 36 மி.மீ. பழகுவதற்கு நல்ல வண்டி, கிட்டும் சுலபமாகக் கிடைக்கிறது.

1. உங்களுக்கு ஸ்பிரிங் தேவைதானா?

நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. விஷயம் இவ்வளவுதான். நாலு சக்கரமும் மேலும் கீழும் அசையாமல் இருக்கும் வேகனை மேடுபள்ளமான தண்டவாளத்தில் வைத்தால் ஏதாவது ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். அதைச் சரி செய்ய இரண்டு வழி உண்டு. ஓர் அச்சை அசையாமல் வைத்து இன்னொன்றை மட்டும் தராசுத் தட்டு போல இருபக்கமும் சாயவிட்டால் வேகன் முக்காலி ஆகிவிடும். நாலு சக்கரத்துக்கும் தனித்தனி ஸ்பிரிங் வைப்பது இரண்டாவது வழி.

நீங்கள் 16.5 மி.மீ. அகலமுள்ள ஓஓ தண்டவாளத்தில் ஓட்டுபவரா? அந்தச் சக்கரத்தின் விளிம்பு ஆழமானது, ஸ்பிரிங் இல்லாவிட்டாலும் தடம் புரளாது. அழகுக்கும் ஓசைக்கும் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். 18.83 மி.மீ. பி4 தண்டவாளம் என்றால் கதை வேறு. அதில் விளிம்பு அரை மில்லிமீட்டர்கூடக் கிடையாது. ஏதாவது ஓர் அசைவு ஏற்பாடு கட்டாயம் வேண்டும். இடையில் இருக்கும் 18.2 மி.மீ. ஈஎம் தண்டவாளக்காரர்கள் இரண்டு மாதிரியும் செய்கிறார்கள்.

எதிர்பார்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்பிரிங் வைத்த வேகன் ஊஞ்சல் மாதிரி ஆடும் என்று நினைத்து இறங்காதீர்கள். எடை ஏறியதும் ஸ்பிரிங் 0.2 மி.மீ. அமுங்குகிறது என்றால், அது துள்ளுவது வினாடிக்குச் சுமார் 35 தடவை. கண்ணுக்கு அது தெரியாது. தெரிவது வேறு: தண்டவாள இணைப்பில் சக்கரம் மட்டும் இறங்கி ஏறும், மேலே உடல் மிதந்துகொண்டே போகும். மேசை அளவுக்குக் கண்ணைத் தாழ்த்தி, மெதுவாக ஓடும் ரயிலைப் பக்கவாட்டில் பார்த்தால் புரியும். ஒருமுறை பார்த்துவிட்டால் பழைய வண்டிகளைப் பார்க்கப் பிடிக்காது. அந்த அபாயமும் உண்டு.

2. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

வேகனின் அளவு வரைபடம் ஒன்று. அதில் அச்சு இடைவெளி, சக்கர விட்டம், பஃபரின் (வேகன் முனையில் மோதலைத் தாங்கும் குமிழ்) நடு உயரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வேகனுக்கு 36 மி.மீ., சுமார் 12 மி.மீ., சுமார் 14 மி.மீ.

அப்புறம் ஸ்பிரிங் பாகங்களை வெட்டி எடுக்கும் பித்தளைத் தகட்டின் செய்முறைத் தாள். பெரும்பாலும் ஒரே பக்கம்தான் இருக்கும், சொற்ப வரிகள்தான். தகட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டுவதற்கு முன் முழுத் தகட்டையும் அந்தத் தாளையும் போனில் படம் எடுத்து வையுங்கள். வெட்டிய பிறகு எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று தெரியாது. நான் ஒரு துண்டைக் கழிவு என்று குப்பையில் போட்டேன். அது அச்சு இடைவெளியை அளக்கத் தகட்டிலேயே சேர்த்துக் கொடுத்திருந்த அளவுகோல்.

பொருள்களை இந்தியாவுக்கு வரவழைப்பவர்களுக்கு: கூரியர் கம்பெனி அடையாள ஆவணம் கேட்கும், ஆதாரோ பான் அட்டையோ தயாராக ஸ்கேன் செய்து வையுங்கள். கடைக்காரர் கொடுத்த பில்லும் வேண்டும். ‘பரிசு என்று எழுதி அனுப்பச் சொல்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், 5,000 ரூபாய் வரை பரிசுக்கு இருந்த விலக்கை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். சுங்க வரி சேர்ந்தால் சின்னப் பொட்டலமும் கனத்துவிடும், அதனால் நாலைந்து வேகனுக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்குவது நல்லது. சாலிடர் நன்றாகப் பிடிக்கத் தடவும் ஃபிளக்ஸ் அமிலத்தை ஆர்டரில் சேர்க்க வேண்டாம். அரிக்கும் திரவம் என்பதால் விமானத் தபாலில் ஏற்ற மாட்டார்கள், அது ஒன்றுக்காகப் பொட்டலமே நின்றுவிடும்.

3. வாங்க வேண்டியவை, ஆகும் செலவு

நான் இங்கிலாந்தில் வாங்கியபோது ஒரு வேகனுக்கு ஆனது: பிளாஸ்டிக் கிட் சுமார் 14 பவுண்டு, இரண்டு அச்சும் நாலு சக்கரமும் பேரிங்கும் 6 பவுண்டு, ஸ்பிரிங் பித்தளைத் தகடு 5 அல்லது 6 பவுண்டு, ஈயத் தகடும் கம்பியும் இரண்டு பவுண்டுக்குள். மொத்தம் 28 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கடை விலை மாறும்.

சக்கரம் வாங்கும்போது அச்சு முனை கூராகவும், முனைக்கு முனை நீளம் 26 மி.மீ. ஆகவும் இருக்கிறதா என்று பாருங்கள். 4 மி.மீ. உலகில் பெரும்பாலான தகடுகள் இந்த நீளத்துக்குத்தான் வரும். பேரிங் தொப்பி வடிவப் பித்தளை, வெளி விட்டம் 2 மி.மீ.

ஒருமுறை வாங்கினால் போதுமான கருவிகள்: வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சாலிடரிங் அயர்ன், டிஜிட்டல் காலிப்பர், சக்கர இடைவெளி அளவி, நல்ல மூக்குக் குறடு, 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு. எனக்கு 80 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே ஆனது. இதில் தராசைத்தான் நான் வாங்காமல் விட்டேன். பத்து பவுண்டு மிச்சம் என்று நினைத்தேன்.

கம்பிக்கு ஹாபி கடையைத் தேட வேண்டாம். இசைக்கருவிக் கடையில் மின் கிட்டாரின் முதல் தந்தியை ஒற்றையாகக் கேளுங்கள். 8, 9, 10 என்று எண் சொல்லித்தான் விற்பார்கள். அது அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு, மாடல்காரர்கள் அதைத் தௌ என்பார்கள். 8 என்றால் சுமார் 0.2 மி.மீ., 10 என்றால் சுமார் 0.25. ஒரு தந்தியில் பத்து இருபது வேகனுக்கு ஸ்பிரிங் வெட்டலாம். மூன்று எண்ணிலும் ஒவ்வொன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

4. எடையை முடிவு செய்யுங்கள்

மற்ற படிகளை மேலோட்டமாகப் படித்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பொதுவாகச் சொல்லும் கணக்கு, அச்சு ஒன்றுக்கு 25 கிராம். நாலு சக்கர வேகன் 50 கிராம் இருக்க வேண்டும். என் வேகனை கடைசியில் ஒரு நாள் கடன் வாங்கிய தராசில் வைத்தேன்: சக்கரத்தோடு சேர்த்து 21 கிராம். பாதிகூட இல்லை. ஸ்பிரிங் எப்படி அமுங்கும்?

திறந்த வேகனில் எடையை ஒளிக்க இடம் குறைவு. காலி வேகன் வேண்டும் என்றால் தரைக்குக் கீழே, இரண்டு அச்சுக்கும் நடுவேதான் வைக்க முடியும். அங்கே 20 மி.மீ. சதுரத்தில் 2 மி.மீ. கனத்துக்கு ஈயம் வைத்தாலும் 9 கிராம்தான் தேறும். ஆகவே முதல் வேகனைக் காலியாகச் செய்யாதீர்கள். நிலக்கரி ஏற்றிய வேகனாகவோ மூடிய வேகனாகவோ செய்யுங்கள். உள்தரை முழுக்க 1 மி.மீ. ஈயத் தகட்டைப் போட்டால் கிட்டத்தட்ட 20 கிராம் ஏறும். ஒன்றரை அடுக்கு போட்டுவிட்டு, அதன்மேல் நுரை அட்டை, அதற்கும் மேல் பொடித்த நிஜ நிலக்கரி. யாருக்கும் தெரியாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஈயக் குண்டுகளைப் போட்டு வெள்ளைப் பசை ஊற்றி இறுக்கலாம் என்று தோன்றும். வேண்டாம். அந்தப் பசையில் ஈயம் மெல்ல மெல்ல வெண்பொடியாகிப் பருக்கும். சில வருடம் கழித்து வேகனின் பக்கங்கள் வயிறு தள்ளி, கடைசியில் வெடித்துப் பிரியும். அரால்டைட் மாதிரி இரண்டு குழாய்ப் பசைதான் சரி. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் டீ குடிக்க வேண்டும். துண்டு துணுக்குகளைக் குழந்தைகள் கையில் எட்டாமல் வையுங்கள்.

5. எடைக்கு ஏற்ற கம்பி

என் முதல் தப்பு எடை என்றால், இரண்டாவது கம்பியில். கொஞ்சம் கணக்கு, பயப்பட வேண்டாம்.

கம்பி இரண்டு தாங்கிகளுக்கு நடுவே பாலம் போலக் கிடக்கிறது, நடுவில் பேரிங் அதை மேலே தள்ளுகிறது. அது எவ்வளவு வளையும் என்பது கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அதனால் 10 தௌவிலிருந்து 8 தௌவுக்கு மாறினால் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது, ஆனால் கம்பி கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு இளகிவிடும். தாங்கிகளுக்கு நடுவே 11 மி.மீ., ஒரு சக்கரத்தின் மேல் 12 கிராம் என்று வைத்து நான் போட்ட கணக்கு இது: 10 தௌ 0.08 மி.மீ. வளையும், 9 தௌ 0.12, 8 தௌ 0.2. நமக்கு வேண்டியது 0.2 அல்லது அதற்கு மேல். தண்டவாளத்தில் பள்ளம் எவ்வளவு ஆழமோ அந்த அளவுக்காவது ஸ்பிரிங் முன்கூட்டியே அமுங்கியிருந்தால்தான் சக்கரம் கீழே இறங்கித் தொடும். ஆகவே 50 கிராம் வேகனுக்கு 8 தௌ. 10 தௌ கம்பியைக் கனமான வண்டிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பெரிய பொறி. கம்பி நழுவி விழாமலிருக்க இரண்டு முனையிலும் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ வைக்கத் தோன்றும். நானும் வைத்தேன். இரண்டு முனையும் இறுகப் பிடித்த கம்பி, தளர்வாகக் கிடக்கும் கம்பியைவிட நாலு மடங்கு விறைப்பு. 10 தௌ கம்பி, இரு முனையிலும் பசை, போதாக்குறைக்குப் பாதி எடை: ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் வளைந்திருக்கும். அதற்குப் பெயர் ஸ்பிரிங்கா? பசை வேண்டாம். கம்பி முனைகள் தாங்கிக்கு வெளியே 1 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும், குறடால் லேசாகக் கீழே மடக்கிவிட்டால் போதும், நழுவாது.

கிட்டார் தந்தியை உங்கள் நல்ல கட்டரால் வெட்டாதீர்கள். எஃகு கடினம், கட்டரின் வாயில் பல் விழுந்துவிடும். பழைய கட்டர் ஒன்றை இதற்கென்று ஒதுக்குங்கள். கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், வெட்டிய துணுக்கு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

6. தகட்டை மடித்துச் சாலிடர் வைத்தல்

தகட்டில் இரண்டு வகைத் துண்டு இருக்கும். ஒன்று, தலைகீழான ப வடிவில் மடியும் சட்டம். இதன் இரு கால்களும் டபிள்யூ எழுத்து மாதிரி இருப்பதால் டபிள்யூ அயர்ன் என்கிறார்கள். மற்றது, அந்தக் கால்களின் நடு இடைவெளியில் மேலும் கீழும் வழுக்கும் சின்னப் பேரிங் தாங்கி. கம்பியின் முனைகள் சட்டத்தில் உள்ள காதுகளில் நிற்கும், நடுப்பகுதி தாங்கியின் காதுக்குள் போகும்.

மடிக்கும் கோடு பாதி அரித்த பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளம் மடிப்பின் உள்பக்கம் வர வேண்டும். வெளிப்பக்கமாக மடித்தால் தகடு உடையும், அளவும் தப்பும். ஒரே மூச்சில் 90 டிகிரிக்கு மடியுங்கள், முன்னும் பின்னும் ஆட்டிச் சரிபார்த்தால் இரண்டாம் தடவையே கையோடு வந்துவிடும். பேரிங் தாங்கியின் ஓரங்களை வெட்டியபின் மெல்லிய அரத்தால் தேய்த்து, தகட்டோடு இணைத்திருந்த மொட்டுகளை முழுக்க எடுங்கள். ஒரு மொட்டு மிஞ்சினாலும் தாங்கி சிக்கிக்கொள்ளும்.

பேரிங்கைத் தாங்கியில் வைத்துச் சாலிடர் வைக்கும்போது தாங்கியைச் சட்டத்தில் மாட்டாதீர்கள். தனியாக, ஒரு மரக்கட்டையில் பல் குத்தும் குச்சியால் பேரிங்கைக் குத்தி நிறுத்தி, ஃபிளக்ஸ் தொட்டு, மிளகில் கால்வாசி அளவு சாலிடர் மட்டும் வையுங்கள். அதிகமானால் வழுக்கும் ஓரத்துக்கு ஓடிவிடும். எனக்கு ஓடியது. முடிந்ததும் வெந்நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள், ஃபிளக்ஸ் மிச்சமிருந்தால் ஒரு வாரத்தில் பச்சை பிடிக்கும்.

பிறகு தாங்கியைச் சட்டத்தில் மாட்டி, கம்பி கோர்ப்பதற்கு முன் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். தன் எடையிலேயே தடையில்லாமல் வழுக்க வேண்டும். வழுக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள், கம்பி போட்டால் சரியாகிவிடும் என்ற எண்ணம் வேண்டாம். எண்ணெயும் விடாதீர்கள், தூசி ஒட்டும். மென்மையான பென்சில் முனையால் ஓரங்களில் தீட்டுங்கள், அந்தக் கரி போதும்.

7. கிட்டின் பக்கச் சட்டத்தைக் குடைதல்

கிட்டில் பிளாஸ்டிக் பக்கச் சட்டத்தோடு டபிள்யூ வடிவமும் அச்சுப்பெட்டியும் சேர்த்து வார்த்திருப்பார்கள். பித்தளைச் சட்டம் அதன் பின்னால் உட்கார வேண்டும் என்றால், பின்பக்கத்தில் பிளாஸ்டிக்கைச் சீவி மெலிதாக்க வேண்டும். அச்சுப்பெட்டியின் முதுகில் பேரிங்குக்காக ஒரு குழி தோண்ட வேண்டும். 2 மி.மீ. பேரிங்குக்கு 2 மி.மீ. ஓட்டை போட்டால் எல்லாம் போச்சு, பேரிங் அங்கேயே சிறைப்படும். 3 மி.மீ. அகலம், 4 மி.மீ. உயரமுள்ள நீள்குழியாக, முன்முகம் உடையாத ஆழத்துக்குக் குடையுங்கள். விளக்கில் காட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று தெரியும். வெளிச்சம் ஊடுருவத் தொடங்கினால் நிறுத்திவிடுங்கள்.

பிரேக் கட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே அரை மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். சக்கரம் இனி மேலும் கீழும் போகும் என்பதை மறந்துவிடுவோம்.

8. உயரமும் நேரும் பார்த்து ஒட்டுதல்

வேகனின் அடியில் நடுக்கோடு கீறுங்கள். இரண்டு சட்டத்தையும் முதலில் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி, சக்கரத்தை மாட்டி, எடையையும் உள்ளே வைத்துவிட்டு அளவு பாருங்கள். பஃபர் நடு உயரம் 14 மி.மீ. வர வேண்டும். எடை ஏறிய பிறகு அளந்ததுதான் கணக்கு, காலியாக அளந்தால் அப்புறம் தாழ்ந்துவிடும். குறைந்தால் சட்டத்துக்கும் தரைக்கும் நடுவே 10 அல்லது 20 தௌ பிளாஸ்டிக் பட்டை வையுங்கள். கூடினால் தரையைச் சீவ வேண்டியதுதான்.

அச்சு இடைவெளியை இரண்டு பக்கமும் காலிப்பரால் அளங்கள். ஒரு பக்கம் 36, மறுபக்கம் 36.3 என்றால் வேகன் எப்போதும் ஒரு பக்கமே இழுக்கும். ஸ்பிரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது சரியாகாது. சமமானதும் டேப்பை எடுத்துவிட்டு அரால்டைட்டில் ஒட்டி, இரவு முழுக்க விடுங்கள். சீக்கிரம் காயும் பசை வேண்டாம், நகர்த்திச் சரி செய்ய இருபது நிமிடமாவது வேண்டும்.

9. சோதனை

கண்ணாடித் தகட்டின்மேல் வேகனை வையுங்கள். ஒரு சக்கரத்தின் கீழ் தபால் உறைத் தாளை இரண்டாக மடித்துச் செருகுங்கள், சுமார் 0.2 மி.மீ. வரும். இப்போது மற்ற மூன்று சக்கரத்தின் கீழும் ஒரு மெல்லிய தாளைத் தள்ளிப் பாருங்கள். எதிலும் நுழையக் கூடாது. இதை நாலு சக்கரத்துக்கும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு மூலை மட்டும் தோற்றால் அங்கே தாங்கி சிக்கியிருக்கும். நாலும் தோற்றால் எடை போதவில்லை அல்லது கம்பி தடிமன்.

பிறகு உடலைச் சுட்டுவிரலால் மெல்ல அழுத்தி விடுங்கள். உடனே மேலே வந்தால் சரி. மெதுவாக வந்தாலோ, பாதியில் நின்றாலோ, உராய்வு இருக்கிறது.

10. பெயின்ட்

வேலையெல்லாம் முடித்து, பெயின்ட்டில் கோட்டை விடுவது சுலபம். வழுக்கும் ஓரத்தில் ஒரு துளி பெயின்ட் போனால் ஸ்பிரிங் இறுகிவிடும். பித்தளைத் தகட்டை மாட்டுவதற்கு முன் கறுப்பாக்கும் ரசாயனத்தில் முக்கி எடுத்துவிடுங்கள், பெயின்ட்டே வேண்டாம். உடலுக்கு ஸ்பிரே அடிக்கும்போது சக்கரத்தையும் கம்பியையும் கழற்றிவிட்டு, சட்டத்தின்மேல் மறைப்பு டேப் ஒட்டுங்கள். கம்பிக்குப் பசை வைக்கவில்லை என்பதால் கழற்றுவது ஒரு நிமிட வேலை.

நேரக் கணக்கு: முதல் வேகனுக்கு ஆறு மாலைகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், நடுவே பசையும் பெயின்ட்டும் காய இரண்டு இரவு. மூன்றாவது வேகனிலிருந்து மூன்று மணி நேரத்தில் ஸ்பிரிங் வேலை முடிந்துவிடுகிறது. நாலு வேகனின் தகடுகளை ஒன்றாக மடித்து, ஒன்றாகச் சாலிடர் வைத்தால் இன்னும் குறையும், ஆனால் முதலாவதைக் கண்ணாடியில் சோதித்துத் தேறாமல் இரண்டாவது தகட்டை வெட்டாதீர்கள்.

கட்டை வண்டியாக ஓடிய அந்த முதல் வேகனை நான் தூக்கிப் போடவில்லை. பசையைச் சுரண்டி எடுத்து 8 தௌ கம்பி போட்டேன், நிலக்கரிக்குக் கீழே 30 கிராம் ஈயம் வைத்தேன். ஒரே மாலையில் வேலை முடிந்தது.